மேசைமேல் ஒன்று, கோட்டுக்குள் ஆறு

ஹில்க்கா கோர்பெலாவைப் பற்றி எழுத உட்காருகிறவன் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் அவளை விட்டு முதலில் கட்சி மாறியவன் நான்தான். இதை அவள் படித்தால் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "எதுல எழுதினே, அந்தப் போன்லயா?" என்றுதான் கேட்பாள்.

எங்கள் ராவிலாவில் கம்பெனி என்றால் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் உண்டு, உலகமே அறிந்த பெயர், ஆனால் ஊருக்குள் யாரும் அதைச் சொல்வதில்லை. சொந்த அப்பாவை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? ஆற்றைத் தாண்டினால் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவில் நீளமாக வெள்ளைக் கட்டடம். காலை ஆறரைக்குக் கம்பெனிப் பேருந்து. ஊரில் வீட்டுக்கு ஒருவராவது உள்ளே இருந்தோம். போன் செய்தோம். போன் செய்தோம் என்றால் பேசினோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்டாக்கினோம்.

ஹில்க்கா வடக்கே ஒரு பால் பண்ணையிலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள். கல்யாணம் செய்துகொண்டாள். புருஷன் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனான், போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியது இருபத்திரண்டு வருடத்தில் ஒரே தடவை. "அவனுக்கு அங்க பிடிச்சிருக்கு, எனக்கு இங்க பிடிச்சிருக்கு" என்றாள், அத்தோடு சரி. பிள்ளை கிடையாது. ஆற்றோரத்தில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மற்றபடி அவளுக்கு இருந்ததெல்லாம் கம்பெனி. கம்பெனி போன பிறகு நாங்கள்.

வரிசையில் அவள் இடம் எனக்கு வலப்பக்கம். என் மனைவியைவிட அதிக நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான். இதை என் மனைவியே சொல்வாள், கொஞ்சம் கடுப்போடு. வரிசையின் தொடக்கத்தில் பெர்த்தி கண்ணாடியைப் பொருத்துவான். நடுவில் மூன்று பேர் கைமாறும். அப்புறம் இர்மெலி திருகுகளை முடுக்கிவிட்டுக் கட்டைவிரலை விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்டுவாள், எங்காவது இடறுகிறதா என்று. அவளுக்கு அடுத்து ஹில்க்கா, சோதனை. கடைசியில் நான், பெட்டி. போனைப் படுக்க வைத்து, கம்பியைச் சுருட்டி, புத்தகத்தைச் சொருகி, மூடி, ஒட்டி, தள்ளுவேன். அங்கிருந்து அது உலகத்துக்குப் போய்விடும்.

சோதனைக்கு இயந்திரம் இருந்தது. ஆனாலும் நூறு போனுக்கு ஒன்றை எடுத்து மனிதக் காதால் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஹில்க்கா ஒன்றை எடுப்பாள், என் மேசையில் இருக்கும் போனுக்கு அழைப்பாள். மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற என்னை. நான் எடுத்து, எங்கள் வழக்கப்படி குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும்.

"சலோமா."

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?"

"கேக்குது. அனுப்பு."

உடனே அந்த நூறும் என் பக்கம் வரும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை இப்படி. எங்களுக்குள் வேறு பேச்சு அதிகம் நடந்ததாக நினைவில்லை. ஆனால் அவள் மூன்று எண்ணுவதை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும், ராத்திரி தூங்கினாளா, தலைவலியா, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு அட்டைப்பெட்டி வாசனை வருகிறது. நல்ல காலம் அது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வந்ததுதான் அந்தக் கட்டம் போட்ட போன். பொத்தான் எல்லாம் போய், கண்ணாடிமேல் வண்ண வண்ணச் சதுரங்கள். தொட்டால் திரும்பும், தட்டினால் திறக்கும். உடம்பு எங்களுடையது, உள்ளே ஓடுகிற மென்பொருள் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்குள் உலகம் வேறு இரண்டு வகைப் போன்களுக்குத் தாலி கட்டிவிட்டது. எங்களுடையது மூன்றாவது. நூறு பேரில் மூன்று பேர் கையில் இருந்தாலே பெரிய விஷயம். ராவிலாவில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு.

அந்த வகையை வேறு இரண்டு மூன்று கம்பெனிகளும் ஒப்புக்குச் செய்து பார்த்தன. விற்காது என்று தெரிந்ததும் ஓசைப்படாமல் கழன்றுகொண்டன. கட்டம் போட்ட போன்தான் வேண்டும் என்று யாராவது கடைக்குப் போனால் எங்கள் போனைத்தான் எடுத்து வைப்பார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்க வழியில்லை, எந்த நிறம் என்றுதான் கேட்பார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை. பக்கத்து நகரமான டுர்க்குவில் ஒரு கடைப் பையன் இது ஒரு குறை என்கிற மாதிரி பேசியிருக்கிறான். "நாலு நிறம் இருக்கே, இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்று அவனைக் கேட்டுவிட்டு வந்தாள் ஹில்க்கா. அவள் எடுத்தது நீலம்.

அந்த நீலம் எங்கே கண்ணில் பட்டாலும் அவளுக்கு உரிமை வந்துவிடும். ஒரு கோடையில் ஆறேழு பேர் சேர்ந்து கிரீட் தீவுக்குப் போயிருந்தோம். உணவகத்தில் பரிமாறுகிறவன் இடுப்புப் பையில் நீலப் போன் இருந்தது. ஹில்க்கா கையை நீட்டினாள். அவன் ஏதோ படம் எடுக்கக் கேட்கிறாள் என்று கொடுத்துவிட்டான். அவள் அதைத் திருப்பி, விளிம்பைத் தடவி, காதில் வைத்து, எங்கள் மொழியில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிவிட்டு, திருப்தியாகத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஆள் எங்களைப் பார்த்து, அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டான். இர்மெலி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினாள். ஹில்க்கா சிரிக்கவில்லை. அது தன் கை வழியாகப் போன போன்தான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

கம்பெனி மூடுகிற செய்தியைச் சொல்லத் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து நல்ல கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். பன்னிரண்டு நிமிடம் வருத்தப்பட்டார். அப்புறம் எல்லோருக்கும் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மிச்சமிருந்த போன்களைக் கடைசி வாரம் எங்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். நாங்கள் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். ஹில்க்கா ஐந்து வாங்கினாள், ஐந்தும் நீலம். அவள் போட்ட திட்டம் சுலபமானது. ஒரு போன் நாலு வருடம் உழைக்கும். ஐந்து போன் இருபது வருடம். கையில் இருப்பதையும் சேர்த்தால் எண்பது வயது தாண்டிவிடலாம். அதற்கப்புறம் யாருக்கு அழைக்கப்போகிறோம் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் தலையாட்டினோம். ஆயுள் முழுக்கப் போன் செய்த ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அதில் ஓட்டை இருப்பது தெரியவில்லை. எங்களுக்குப் போன் என்றால் கண்ணாடி, திருகு, விளிம்பு, பேட்டரி. உடைந்தால் கெடும், உடையாவிட்டால் ஓடும். அவ்வளவுதான் எங்கள் ஞானம்.

வேலை போன பிறகும் வியாழக்கிழமை போகவில்லை. வியாழன் என்றால் பட்டாணி சூப், பின்னால் ஜாம் போட்ட பான்கேக். கம்பெனிச் சாப்பாட்டறையில் சாப்பிட்டதை நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்துச் சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் வியாழனே பெர்த்தி ஒரு முனையில் உட்கார்ந்தான், மறுமுனையில் நான், எனக்கு வலப்பக்கம் ஹில்க்கா. வரிசை அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாரும் சொல்லி வைக்கவில்லை. உட்கார்ந்ததும் எல்லோரும் போனை எடுத்து மேசை நடுவில் வைப்போம். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை. பார்க்கவே நிறைவாக இருக்கும்.

பிறகு நான் கட்சி மாறினேன். காரணம் அற்பமானது. என் வங்கி தன் செயலியை மற்ற இரண்டு வகைப் போன்களுக்குக் கொடுத்தது, எங்கள் வகைக்குக் கொடுக்கவில்லை. கிளைக்குப் போய் நிற்பதற்கு எனக்குச் சோம்பல். வேறு கம்பெனிக் கறுப்புப் போன் ஒன்று வாங்கினேன். வியாழக்கிழமை அதைப் பழக்கதோஷத்தில் மேசை நடுவில் வைத்துவிட்டேன். ஹில்க்கா அதைத் தொடக்கூட இல்லை, கரண்டிக் காம்பால் என் பக்கம் தள்ளினாள்.

"இங்க செஞ்சது மேசைல. மத்ததெல்லாம் கோட்டுல" என்றாள்.

நான் எழுந்து போய்க் கொக்கியில் தொங்கிய என் கோட்டுப் பையில் போட்டுவிட்டு வந்தேன். பத்து நிமிடத்தில் கோட்டு அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டு அடித்தவன் பன் வாங்க வேண்டும் என்று ஹில்க்கா அங்கேயே ஒரு சட்டம் போட்டாள். நான் வாங்கினேன். அன்றிலிருந்து அதுவே சட்டம்.

என்னைத் திட்டிய பெர்த்தி எட்டு மாதத்தில் வந்து சேர்ந்தான், ஊலுவில் இருக்கும் மகள் அனுப்புகிற படங்கள் திறக்கவில்லையாம். இர்மெலிக்குப் பேருந்துச் சீட்டு எடுக்கும் செயலி. ஒருவருக்கு வானிலை, இன்னொருவருக்கு வரைபடம். ஒருவர் காரணமே சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நேராகக் கோட்டுப் பக்கம் போனார். சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமானது. எல்லாம் சேர்ந்து நாலு வருடத்தில் மேசை காலி. ஆறு பேர் போனும் கோட்டுக்குள், ஹில்க்காவின் நீலம் மட்டும் மேசை நடுவில் தனியாக. கொக்கிகளில் கோட்டுகள் மாற்றி மாற்றி அடிக்கும், யாருடையது என்று நாங்கள் தவிப்போம், அவள் சூப்பில் கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டே, "போங்க, போங்க, கல்யாண வீட்டுலேர்ந்து கூப்புடுறாங்க" என்பாள்.

நாங்கள் ஒரு செய்திக் குழுவும் வைத்திருந்தோம், பெயர் 'வியாழன்'. அந்தச் செய்திச் செயலி ஹில்க்காவின் போனிலும் ஓடியது, அவளும் இருந்தாள். வரவா, வரலையா, பனி அதிகமா, சூப் தீர்ந்துவிட்டதா என்பது எல்லாம் அதில்தான்.

ஒரு டிசம்பர் வியாழன். பெர்த்தி கொஞ்சம் உற்சாகத்தில் இருந்தான். மேசைமேல் இருந்த நீலப் போனைக் காட்டி, ஹெல்சிங்கி அருங்காட்சியகத்தில் இதைக் கேட்கிறார்களாம், கூடவே ஆளையும் அனுப்பச் சொன்னார்களாம் என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஹில்க்கா போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பான்கேக் வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

புது வருடம் பிறந்ததும் பெட்ரோல் நிலையத்தில் சாப்பாட்டுக்கடையை மூடிவிட்டார்கள். மரக்கடைச் சாப்பாட்டறையில் கூடுவோம் என்று இர்மெலி குழுவில் எழுதினாள். ஆறு பேர் வந்தோம். ஹில்க்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கோபம் போலிருக்கிறது என்றான் பெர்த்தி, சூப்பைப் பார்த்துக்கொண்டே. தணியட்டும், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றாள் இர்மெலி. ஒருவர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று போய்க் கேட்பது எங்களுக்கு அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப்பார்க்கிற காரியம். ஒவ்வொரு வாரமும் என் வலப்பக்க நாற்காலியைக் காலியாக விட்டோம், அதுவே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். கோட்டுகள் அடித்தன. கேலி செய்ய ஆளில்லாமல் போய் எடுத்துப் பேசினோம்.

பிப்ரவரி மாதம், நோன்புக்கு முந்தைய கிரீம் பன் காலம் வந்தது. பன்னுக்குள் பாதாம் விழுதா, ஜாமா என்று குழுவில் ஒரே சண்டை, பாதாம் கட்சிக்காரி ஹில்க்கா மட்டும் அதில் இல்லை. சாப்பாட்டறையிலேயே உட்கார்ந்து அதைப் படிக்கும்போது என் விரல் நான் எழுதிய ஒரு செய்திமேல் கொஞ்சம் அதிகமாக அழுந்திவிட்டது. யார் யார் படித்தார்கள் என்று ஒரு பட்டியல் திறந்தது. ஐந்து பெயர் படித்தாயிற்று. ஹில்க்கா பெயருக்கு நேராக, படிக்கவில்லை என்றுகூட இல்லை, போய்ச் சேரவே இல்லை என்று இருந்தது. மேலே போனேன். அதற்கு முந்தையதும் சேரவில்லை. மரக்கடைக்கு வருகிறேன் என்று இர்மெலிக்கு நான் போட்ட பதிலும் சேரவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பிறகு ஒன்றுமே அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. வருடக் கடைசியோடு அந்தச் செயலி கட்டம் போட்ட போன்களில் நின்றுவிடும் என்று இலையுதிர் காலத்திலேயே அறிவித்திருந்தார்கள். எனக்கென்ன என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருடம் பெட்டியில் போட்டு அனுப்பியவன் நான். போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்படியே எழுந்து கோட்டை மாட்டினேன். பாதி சூப்பில் எங்கே போகிறாய் என்று இர்மெலி கேட்டாள். பட்டியலை அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஹில்க்கா கதவைத் திறந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காப்பி போட்டாள். நான் காலணியைக் கழற்றிவிட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்தேன். நீலப் போன் ஜன்னலோரம் இருந்தது, தூசி இல்லாமல். மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. முதல் வியாழன் காலால் உந்துகிற சறுக்கு நாற்காலியில் பெட்ரோல் நிலையம்வரை போயிருக்கிறாள், குளிர் மைனஸ் பதினெட்டு. கதவில் மூடல் அறிவிப்பு. இரண்டாம் வியாழனும் போய்ப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் வியாழன் திரும்பும் வழியில் மரக்கடை வாசலில் இர்மெலியின் காரும் பெர்த்தியின் காரும் என் காரும் வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறாள்.

"நீ உள்ள வந்திருக்கலாமே" என்றேன்.

"கூப்புடாத எடத்துக்கு எப்படிய்யா வர்றது?"

"கூப்பிட்டோம் ஹில்க்கா. குழுவுல போட்டோம்."

"அது நின்னுபோச்சு. நின்னுபோகும்னு உலகத்துக்கே தெரியும். வேணும்னா போன் பண்ணுவாங்கன்னு இருந்தேன். என் நம்பர் மாறலையே."

ஜன்னலோர நீலப் போனைப் பார்த்தேன். அவள் போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எண்களை அழுத்தினால் அடித்திருக்கும். ஏழு வாரத்தில் ஆறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. போன் செய்தே பிழைத்த ஆறு பேருக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். அவளும் அழைக்கவில்லை, அது வேறு. தன்னை விலக்கிவிட்டவர்களை அழைத்து ஏன் விலக்கினீர்கள் என்று கேட்கிற ஜாதி இல்லை அவள்.

எழுந்து போய் நடை அலமாரியைத் திறந்தாள். ஐந்து பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று. என் கையால் ஒட்டிய ஒட்டுக்காகிதம் எனக்குத் தெரியாதா? ஒரு ஓரமும் தூக்கவில்லை, அவ்வளவு நேர்த்தி. அவள் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையே வரவில்லை, முதல் போனே இன்னும் புதுசாக ஓடியது.

"நான் இது உடையும்னு பயந்தேன் வெய்க்கோ. ஒண்ணுமே உடையல. ஒரு கீறல் இல்ல. உடையாமலே போச்சு."

நான் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் தேற்ற ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு கப் காப்பி கேட்டேன், அதுதான் முடிந்தது.

மறுநாள் அவளை டுர்க்குவுக்குக் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கடையில் ஒரு சுவர் முழுக்கப் போன்கள். முப்பது கம்பெனி இருக்கும். எந்தக் கம்பெனி பார்க்கிறீர்கள் என்று கேட்டாள் அங்கிருந்த பெண். ஹில்க்கா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெயர் எதையும் படிக்கவில்லை.

"நீலம் இருக்கா?" என்றாள்.

நீலம் இல்லை. கறுப்பும் சாம்பலும்தான். கறுப்பில் ஒன்றை, காட்டிய முதலாவதை, திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினாள். கூடவே புது எண். பழைய எண்ணை மாற்றித் தரவா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றாள்.

அடுத்த வியாழன் ஐந்து பேரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹில்க்கா என்னோடு உள்ளே வந்தாள். யாரும் எழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. பெர்த்தி கடுகு விழுது ஜாடியைக் கைமாற்றிக் கைமாற்றி மேசையின் அந்த முனையிலிருந்து அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து சேரும்படி செய்தான். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய மன்னிப்பு கிடையாது. அவள் ஜாடியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். கோட்டைக் கழற்றினாள். புதுப் போனை வெளியே எடுத்தாள்.

"மேசையில வை ஹில்க்கா. இனிமே எல்லாரும் வைக்கலாம்" என்றாள் இர்மெலி.

"எதுக்கு? இது இங்க செஞ்சதா?" என்று கேட்டுவிட்டு, ஹில்க்கா அதைக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டை எங்கள் கோட்டுகளோடு கொக்கியில் மாட்டினாள்.

மேசை நடு காலியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு நெஞ்சில் உறைத்தது. இத்தனை வருடம் நாங்கள் ஆறு பேரும் கவலையில்லாமல் கட்சி மாறிக்கொண்டோமே, அது எப்படி முடிந்தது? எங்களுக்கும் சேர்த்து அவள் ஒருத்தி மாறாமல் இருந்ததால். மேசையில் அந்த ஒன்று இருந்தவரை கம்பெனி முழுசாகப் போகவில்லை என்று நாங்களும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அருங்காட்சியகம் என்று வேறு சிரித்தோம்.

ஹில்க்கா உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து நீலப் போனை எடுத்து, பழைய இடத்தில் வைத்தாள்.

"பழைய நம்பர் இதுலதான் இருக்கு. அடிக்கும், பேசும். வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு" என்றாள்.

பெர்த்தி எட்டி அதை எடுத்தான். கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, நாலு மூலையிலும் விரலால் ஒரு தட்டு தட்டினான். வேலையில் அவன் செய்தது அதுதான். பார்த்து முடித்ததும் திருப்பி மேசையில் வைக்காமல் பக்கத்து ஆளிடம் நீட்டினான். அவர் வாங்கினார், தன் பங்குக்கு ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. போன் வரிசையாக வந்து இர்மெலியிடம் சேர்ந்தது. அவள் கட்டைவிரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினாள். எங்கேயும் இடறவில்லை. அவள் கண் மட்டும் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. ஹில்க்காவிடம் கொடுத்தாள்.

ஹில்க்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எண்களை அழுத்தினாள். சுவரில் என் கோட்டு அடித்தது.

நான் எழுந்து போனேன். நாலடிதான். பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"சலோமா."

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?"

நேரிலும் கேட்டது, போனிலும் கேட்டது. அன்றைக்கு அவள் எண்ணிய விதத்தில் தலைவலி இல்லை, தூக்கக் குறைவு இல்லை. கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். ஆறு பேரும், சாப்பாட்டறையில் இருந்த மரக்கடை ஆட்களும்கூட, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம், ஆயிரம் ஆயிரம் தடவை சொன்னது.

"கேக்குது" என்றேன். "அனுப்ப வேணாம் ஹில்க்கா. இங்கயே இருக்கட்டும்."

அவள் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு, கரண்டியை எடுத்தாள்.

"கோட்டு அடிச்சது உன்னுது" என்றாள். அன்றைக்கு எல்லோருக்கும் கிரீம் பன் நான்தான் வாங்கினேன், ஹில்க்காவுக்கு மட்டும் பாதாம் விழுது வைத்தது.